இர்ஃபான்வியூ: எங்கள் பிரவுசிங் சென்டரில் தினமும் ஓடும் சாஃப்ட்வேர்

அறந்தாங்கியில் பிரவுசிங் சென்டரும் ஜெராக்ஸ் மெஷினும் ஒரே கடையில் வைத்து நடத்துகிறேன். டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, கல்லூரி விண்ணப்பம், வருமானச் சான்றிதழ் என்று எதற்கு வந்தாலும் கடைசியில் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "அக்கா, போட்டோ ஏறமாட்டேங்குது." அந்தப் போட்டோவை ஏற்றித் தர நான் நம்பியிருப்பது இர்ஃபான்வியூவை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் படத்தைத் திறக்க, வெட்ட, அளவு மாற்ற, வேறு ஃபார்மட்டில் சேமிக்க உதவும் சாஃப்ட்வேர் இது. ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நாலரை தருவேன்.

போஸ்னியாவில் பிறந்து வியன்னாவில் படித்த இர்ஃபான் ஸ்கில்யான் என்பவர் எழுதியது. முதல் பதிப்பு 1996-இல் வந்தது. இன்றும் இறக்கினால் சில எம்பிதான். ரேம் குறைந்த என் பழைய கம்ப்யூட்டரில்கூட டபுள் கிளிக் செய்த மறுகணம் படம் வந்து நிற்கிறது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். கடை, ஆபீஸ் என்றால் கட்டணம் உண்டு, ஆனால் சிறிய தொகைதான், வருடா வருடம் சந்தா கிடையாது. பணம் கட்டித்தான் வைத்திருக்கிறேன். ஒரு மனிதர் இத்தனை வருடமாகப் பார்த்துப் பார்த்துச் செய்கிற பொருளுக்கு அது நியாயமான விலை. சிவப்பு நிறத்தில் நசுங்கிய பூனை மாதிரி ஒரு ஐகான் இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது தகவல் பெட்டி. படத்தைத் திறந்துவிட்டு கீபோர்டில் ஆங்கில 'ஐ' எழுத்தைத் தட்டினால் ஒரு சின்னப் பெட்டி வரும். படம் எத்தனை பிக்சல் (அதாவது புள்ளி), வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கிறது, விரித்தால் நினைவகத்தில் எவ்வளவு என்று வரிசையாகச் சொல்லும். சாதாரண ஃபோனில் எடுத்த 4000-க்கு 3000 பிக்சல் படம் வட்டில் மூன்று, நான்கு எம்பி இருக்கும். அதே படம் நினைவகத்தில் 34 எம்பிக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட், ஒரு கோடியே இருபது லட்சம் பிக்சல், கணக்கு அவ்வளவுதான். மீதி முப்பது எம்பியை, ஃபோன்கள் படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் (ஜேபிஜி) ஃபார்மட் தின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களாகப் பார்த்துத் தூக்கிப்போட்டு, மிஞ்சியதை நெருக்கி அடுக்கிவிட்டது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அதே பெட்டியில் ஜேபெக் படமாக இருந்தால் அதன் தரம் எத்தனை என்றும் ஒரு எண் வரும். 95 என்றால் படம் நல்ல நிலையில் இருக்கிறது. 40, 50 என்று வந்தால் யாரோ ஏற்கெனவே நசுக்கிய படம். படத்தைத் தொடுவதற்கு முன்னால் நான் பார்ப்பது அந்த எண்ணைத்தான். "தம்பி, இது ஒரிஜினல் இல்லையே, ஒரிஜினல் எங்கே இருக்கு?" என்று கேட்பேன். பெரும்பாலும் ஃபோனிலேயே இருக்கும், எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

இப்போது கேபி, அதாவது கோப்பின் அளவு விஷயத்துக்கு வருகிறேன். டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவில் போட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி, இரண்டும் ஜேபெக்காக இருக்க வேண்டும். வங்கித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ்ஸும் இதே கேபியைத்தான் கேட்கிறது, கூடவே போட்டோ 200-க்கு 230 பிக்சல், கையெழுத்து 140-க்கு 60 பிக்சல் இருந்தால் நல்லது என்று சொல்கிறது. பிள்ளைகள் 50 கேபி என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். 4000 பிக்சல் அகலப் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தரத்தைக் குறைத்துக் குறைத்து 50 கேபிக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள். முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. தரத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால் அந்தக் கட்டங்கள் தனித்தனியாக வெளியே தெரியும். கன்னத்தில் தெரியும், நெற்றியில் தெரியும், பின்னால் இருக்கும் நீலத் திரையில் இன்னும் நன்றாகத் தெரியும்.

முதலில் குறைக்க வேண்டியது பிக்சல். முகத்தையும் தோளையும் சரியான விகிதத்தில் வெட்டி, கண்ட்ரோல்-ஆர் தட்டி 200-க்கு 230 என்று கொடுத்தால், அந்தப் படத்தை எந்தச் சுருக்கமும் இல்லாமல் வைத்தாலே 138 ஆயிரம் பைட்தான். அதை 50 கேபிக்குள் கொண்டுவர ஜேபெக்கின் தரத்தை 90-க்குக் கீழே இறக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. முகம் தெளிவாக இருக்கும், கண்ணில் விழுந்த வெளிச்சம்கூட அப்படியே இருக்கும். கேபி குறைந்தால் படம் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களிடம் இதைத்தான் செய்து காட்டுவேன். இரண்டு விதமாகவும் சேமித்து, ஒன்றை ஒன்று பக்கத்தில் வைத்தால் யாருக்கும் விளக்கமே தேவைப்படாது.

சேமிக்கும் பெட்டியிலும் சில நல்ல விஷயங்கள் இருக்கின்றன. வேண்டிய கேபியைச் சொல்லிவிட்டால் அதற்குப் பொருந்தும் தரத்தை இர்ஃபான்வியூவே கண்டுபிடித்துச் சேமிக்கும் வசதி உண்டு. அப்புறம் எக்ஸிஃப் தகவலை வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கட்டம் இருக்கும். ஃபோன் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எந்த ஃபோன், எந்த நேரம், சில சமயம் எந்த இடம் என்பது வரை எழுதியிருக்கும். அதோடு ஒரு குட்டிப் படமும் உள்ளே ஒட்டியிருக்கும். நாலு எம்பி படத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. ஐம்பது கேபிதான் மொத்த இடம் என்கிறபோது அந்தக் குட்டிப் படம் மட்டுமே பத்து கேபி வரை விழுங்கிவிடும். டிக்கை எடுத்துவிட்டால் அந்த இடம் முகத்துக்குக் கிடைக்கும். வீடு இருக்கும் இடமும் படத்தோடு ஊர் சுற்றாது.

கையெழுத்தில் சிக்கல் தலைகீழ். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் போட்ட கையெழுத்தை 140-க்கு 60 பிக்சலுக்குச் சுருக்கினால் நாலு கேபி, ஐந்து கேபிதான் வருகிறது. குறைந்தது பத்து வேண்டும் என்று தளம் திருப்பி அனுப்புகிறது. "அக்கா, கேபி ஏத்தணும்க்கா" என்று வருகிறவர்கள் இப்படிச் சிக்கியவர்கள்தான். அந்தப் பிக்சல் அளவு கட்டாயம் இல்லை, இருந்தால் நல்லது என்றுதான் போட்டிருக்கிறார்கள். அதனால் ஏழுக்கு மூன்று என்ற விகிதத்தை மட்டும் விடாமல், 280-க்கு 120 அல்லது 420-க்கு 180 என்று எடுத்து, தரத்தை உயரத்தில் வைத்துச் சேமிப்பேன். பத்தைத் தாண்டிவிடும், இருபதுக்குள்ளும் நிற்கும், கையெழுத்தும் மொழுமொழுவென்று இல்லாமல் கோடு கோடாகத் தெரியும். உண்மையில் கையெழுத்துக்கு ஜேபெக் பொருத்தமான ஃபார்மட்டே இல்லை. மைக்கோட்டின் இரண்டு பக்கமும் அழுக்கு மாதிரி புள்ளிகள் படியும். ஒரு பிக்சலையும் மாற்றாமல் சுருக்கும் பிஎன்ஜி என்ற ஃபார்மட்டில் கேட்டால் இரண்டு கேபியில் பளிச்சென்று வந்துவிடும். தேர்வு நடத்துகிறவர்கள் அதையும் ஏற்றுக்கொண்டால் எத்தனையோ பேருக்குக் கடைசி நாள் அலைச்சல் மிச்சமாகும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இன்னொன்று. படத்தின் பெயரில் கடைசியில் இருக்கும் பிஎன்ஜி என்ற எழுத்தை அழித்து ஜேபிஜி என்று மாற்றிவிட்டால் ஃபார்மட் மாறிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது பிஎன்ஜியாகவேதான் இருக்கும். பல தளங்கள் காரணம்கூடச் சொல்லாமல் பிழை என்று மட்டும் காட்டும். இர்ஃபான்வியூவில் அந்தக் கோப்பைத் திறந்ததும், இது தவறான பெயரோடு இருக்கும் பிஎன்ஜி கோப்பு, பெயரைத் திருத்தவா என்று அதுவே கேட்கும். இந்த ஒரு கேள்விக்காகவே இதை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் போட்டு வைக்கலாம். வேறொரு கடையில் அரை நாள் உட்கார்ந்தும் படம் ஏறவில்லை என்று ஒரு பெண் வந்தாள். சர்வர் பிரச்சினை என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். படத்தைத் திறந்த உடனேயே அந்தக் கேள்வி வந்தது. 'எஸ்' எழுத்தைத் தட்டி ஜேபெக்காகச் சேமித்துக் கொடுத்தேன், ஏறிவிட்டது. சர்வர் நன்றாகத்தான் இருந்தது.

கேபி குறைக்க இணையத்தில் எத்தனையோ தளங்கள் இருக்கின்றனவே, இது எதற்கு என்று கேட்கலாம். அங்கே படம் பெரும்பாலும் நம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகிறது. போட்டோ என்றால்கூடப் போகட்டும், சாதிச் சான்றிதழ், ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒரு தளத்தில் ஏற்றுகிறார்கள். அது யாருடைய கம்ப்யூட்டர், எத்தனை நாள் அங்கே கிடக்கும், யார் பார்ப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. இர்ஃபான்வியூவுக்கு இணையமே தேவையில்லை. கேபிளைப் பிடுங்கிவிட்டுக்கூட வேலை பார்க்கலாம். என்னை நம்பிக் கையில் கொடுக்கிற பேப்பர் என் கடையை விட்டு வெளியே போகக் கூடாது என்பதில் நான் கறாராக இருக்கிறேன்.

பழைய படங்களுக்கு வேறு வழக்கம். படத்திறப்புக்கு, திதிக்கு என்று தாத்தா பாட்டியின் பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் கொண்டுவந்து பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். சில வீடுகளில் அந்த மனிதருக்கு உலகத்தில் இருக்கும் ஒரே படம் அதுதான். அதை நான் ஜேபெக்கில் எடுக்கவே மாட்டேன். இர்ஃபான்வியூவிலிருந்தே ஸ்கேனரை இயக்கலாம். 1200 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 1200 புள்ளி) வைத்து, கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரில் ஸ்கேன் செய்வேன். மஞ்சள் கறையும் பூஞ்சையும் கலரில்தான் பிரிந்து தெரியும், பிறகு நீக்குவது லேசு. மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் படம் அப்படி எடுத்தால் 1650-க்கு 2120 பிக்சல் அளவில் வரும். படத்தை உள்ளபடியே வைக்கும் டிஃப் என்ற ஃபார்மட்டில் சுருக்காமல் வைத்தாலே பத்து எம்பி சொச்சம்தான். எல்இசட்டபிள்யூ என்ற சுருக்க முறையைச் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் இன்னும் குறையும், அதே நேரம் ஒரு பிக்சல்கூட மாறாது. பத்து எம்பி என்பது இன்றைக்கு ஒரு சின்ன வீடியோவில் கால்வாசி. அதை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு வீட்டின் ஒரே படத்தில் கை வைக்கலாமா? டிஃப்பைப் பென் டிரைவில் போட்டு, கூடவே வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு ஜேபெக்கும் எடுத்துக் கொடுத்துவிடுவேன். டிஃப்பை ஃபோனில் பார்க்க முடியவில்லையே என்று சிலர் திரும்பி வருவதுண்டு. பார்ப்பதற்கு ஜேபெக், பத்திரத்துக்கு டிஃப் என்று சொல்லி அனுப்புவேன்.

ஜேபெக் மோசம் என்று நான் சொல்லவில்லை. 1992-இல் தரப்படுத்தினார்கள், இன்றைக்கு வரைக்கும் எந்த ஃபோனும் எந்த அரசுத் தளமும் திறக்கத் தெரியாது என்று சொல்லாத ஃபார்மட் அது. முகம், மரம், வானம் மாதிரி மெதுவாக நிறம் மாறுகிற படங்களுக்கு அதைவிட வசதியானது வேறில்லை. அதைத் திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்காகவே சேமிப்பதுதான் கெடுதல். ஒவ்வொரு சேமிப்பிலும் கொஞ்சம் கழியும், கழிந்தது திரும்ப வராது. அதனால் விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் அந்தச் சின்னப் படத்தையே வைத்து இழுக்காமல், ஃபோனில் எடுத்த ஒரிஜினலில் இருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக வெட்டி எடுப்பேன். படுத்துக் கிடக்கும் ஜேபெக்கை நிமிர்த்துவதற்குக்கூட இர்ஃபான்வியூவில் தனி வழி இருக்கிறது. ஷிஃப்ட்-ஜே தட்டினால் மறுபடி சுருக்காமல், உள்ளே இருக்கும் கட்டங்களை அப்படியே திருப்பி வைத்துவிடும். பக்க அளவு அந்தக் கட்டங்களுக்குச் சரியாக வகுபடாவிட்டால் ஓரத்தில் மட்டும் மெல்லிய கீற்று பிசகலாம், அவ்வளவுதான்.

பணம் கட்டிய ரசீது, விண்ணப்ப எண் வரும் பக்கம் இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பிஎன்ஜியாகவே விட்டுவிடுங்கள். எழுத்தும் வெள்ளைப் பரப்பும்தான் இருக்கிறது என்பதால் பல சமயம் ஜேபெக்கைவிடச் சின்னதாகவும் இருக்கும், எண்களும் கலங்காது.

வாட்ஸ்அப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்கு வரும் படங்களில் பாதி அந்த வழியாகத்தான் வருகின்றன. வழக்கம்போல அனுப்பினால் நீளமான பக்கம் 1600 பிக்சலை ஒட்டிக் குறைந்துவிடும். முகத்தைக் கிட்டத்தில் எடுத்த படமென்றால் பாஸ்போர்ட் பிரிண்டுக்கு அது போதும், 300 டிபிஐயில் அதற்கு 413-க்கு 531 பிக்சல்தான் தேவை. கல்யாண வீட்டில் பத்துப் பேரோடு நின்ற படத்தை அனுப்பி, "இதுல என் முகத்தை மட்டும் எடுங்க" என்றால் முகத்துக்கு நூறு பிக்சல் தேறினாலே பெரிது. ஏ4 அளவில் பிரேம் போடுவதென்றால் 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும், அது 1600-இல் எங்கே இருந்து வரும்? டாக்குமென்டாக அனுப்பினால் படம் உள்ளபடியே வந்து சேரும். இதை எழுதி ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

அரை மார்க்கை எதற்குக் குறைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐஃபோன் படங்கள் பெரிய தொல்லை. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஆப்பிள் எச்இஐசி என்ற ஃபார்மட்டில் படத்தைச் சேமிக்கிறது. நல்ல ஃபார்மட்தான், குறைந்த இடத்தில் அதே தெளிவைத் தருகிறது. ஆனால் இர்ஃபான்வியூ மட்டும் இருந்தால் அது திறக்காது, ப்ளக்இன் என்ற கூடுதல் இணைப்பு வேண்டும், விண்டோஸிலும் அந்த ஃபார்மட்டைப் படிக்கும் கோடெக் இருக்க வேண்டும். புதிதாகப் போடுகிறவர்கள் இங்கே குழம்பிப்போவார்கள். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் கேமரா செட்டிங்கில் அதிக இணக்கம் என்ற பொருளில் இருப்பதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் இனி எடுக்கும் படங்கள் ஜேபெக்காகவே வரும். விண்ணப்பம் போடுகிற காலத்துக்காவது அப்படி வைத்துக்கொள்வது நல்லது.

பின்னணியை நீக்கி வெள்ளையாக்குவது, பிளக்ஸ் டிசைன், பிரஸ்ஸுக்கு நான்கு வண்ணமாகப் பிரிப்பது, இதெல்லாம் இதில் நடக்காது. அதற்கு வேறு சாஃப்ட்வேர்தான். தோற்றமும் பழசு. மெனுவுக்குள் மெனுவாகப் போகும், எங்கே எது இருக்கிறது என்று பிடிபடக் கொஞ்ச காலம் ஆகும். மேக் கம்ப்யூட்டரில் ஓடாது. கண்ட்ரோல்-எஸ் தட்டினால் பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடும் என்பதால் கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம், வெறும் 'எஸ்' தட்டி வேறு பெயரில்தான் சேமிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

போட்டுப் பார்க்க நினைப்பவர்கள் அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். ப்ளக்இன் தொகுப்பு தனிக் கோப்பாக இருக்கும், அதையும் கையோடு போட்டுவிடுங்கள். சுருக்காமல் திருப்புவது, கேபி சொல்லிச் சேமிப்பது எல்லாம் அது இருந்தால்தான் வரும். சாஃப்ட்வேர் 64 பிட் என்றால் ப்ளக்இன்னும் 64 பிட்டாகவே இருக்க வேண்டும். ஒன்று 32, ஒன்று 64 என்று போட்டால் ப்ளக்இன் வேலை செய்யாது.